சுடாத தாழி

நவம்பர் 3, திங்கள்

இன்று ஏழாம் வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். சாவு.

மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், ஆதிச்சநல்லூர் மேட்டில், மண்ணுக்குள் வரிசை வரிசையாகத் தாழிகள் இருந்ததைச் சொன்னேன். கரும்பலகையில் ஒன்றை வரைந்து காட்டினேன். அகன்ற வாய், பருத்த வயிறு, கூம்பிய அடி. உள்ளே நெல், சின்னக் கிண்ணங்கள், இரும்புக் கத்தி, வெண்கலக் கோழி என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். உள்ளே இருந்த ஆளை மட்டும் வரையவில்லை. தூரமாகப் போகிறவர்களுக்கு, அவர்கள்மேல் பிரியமாக இருந்தவர்கள் வைத்துக் கொடுத்தது என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

மிக்கேல் எழுந்து, இவ்வளவு பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு எப்படி பஸ்ஸில் ஏறுவார்கள் என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் தப்பித்தேன்.

ஜூனில் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மாதம் ஒரு பழைய காலம் என்று வைத்திருக்கிறேன். ட்ராயிங் டீச்சரான எனக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஜூனில் கோணிச்சாக்கின் மேல் செம்மண்ணும் கரியும் சுண்ணாம்புமாகக் குகை ஓவியம். ஜூலையில் எகிப்து. முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக. தலைமையாசிரியை ரூபி டீச்சரை அப்படி வரைந்து, பின்னால் இரண்டு பேர் விசிறி வீசுவது போலவும் போட்டுவிட்டார்கள். நான் பயந்தேன். அவர் அதை அலுவலகத்தில் பீரோவுக்கு மேலே மாட்டிவிட்டார். ஆகஸ்டில் மெழுகுவர்த்தித் துண்டில் முத்திரை செதுக்கி ஈரக் களிமண்ணில் உருட்டினோம். ஒரு வாரம் எல்லாச் சோற்று டப்பாக்களும் களிமண் முத்திரையோடு வந்தன. செப்டம்பரில் ரோமானியர். சத்துணவு முட்டையின் ஓடுகளைச் சேர்த்து, சாயமேற்றி, ஒட்டி, ஒரு நாயும் இரண்டு மீனும் செய்தோம். அக்டோபர் விடுமுறையிலேயே போய்விட்டது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு எதற்கு அந்தச் சொல் என்றுதான் விட்டேன்.

அக்கா வண்டியில் பின் பிரேக் பிடிக்கவில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

குயவர்கள் இருக்கும் வேளார் தெருவிலிருந்து இரண்டு சாக்குக் களிமண் வந்தது. திரி திரியாக உருட்டி, வட்டமாக அடுக்கி, விரலால் தேய்த்து இணைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சாண் உயரம் போதும் என்றேன். மிக்கேலுடையது இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தடவை அதைத் தாழி என்று சொல்லாமல் தோசைக்கல் என்று சொல்லி மதிப்பெண் கேட்டான்.

யாருக்காகச் செய்கிறார்களோ அவர்களுக்கு வேண்டியதை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இந்த ஊரில் பாதி அப்பாக்கள் வெளியில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. கேரளாவில் இருக்கும் மாமாவுக்கென்று மிக்கேல் கொண்டுவந்தது எலுமிச்சை ஊறுகாய். லாரி ஓட்டும் அப்பாவுக்குத் தைலக்குப்பி. மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பாக்கெட் காரச்சேவு. அது மூன்றாவது பீரியடில் காலியாகிவிட்டது.

பிரம்மசக்தி எதையும் காட்டவில்லை. ஒரு துணிப்பை கொண்டுவந்திருந்தாள். அவள்தான் வகுப்பிலேயே கைத்திறன் உள்ளவள். அதிகம் பேசமாட்டாள், செய்கிற வேலையில் அவசரமும் கிடையாது. அவளுடைய தாழி மட்டும்தான் நான் வரைந்தது போலவே வந்திருக்கிறது, அடி கூம்பி, வாய் விளிம்பு லேசாக வெளியே மடிந்து. யாருக்கு என்று கேட்டேன். "எங்க அப்பாவுக்கு" என்றாள். அப்பா வளைகுடாவில் ஒரு சின்னக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். நேற்று மத்தியானம்கூடப் பேசினார்களாம், இவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. அப்படி அம்மா சொன்னாளாம். எப்போதும் மத்தியானம்தான் பேசுகிறார்களாம்.

மாலையில் ரூபி டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிரம்மசக்தியின் அம்மா சந்தனமாரி உப்பளத்தில் வேலை செய்பவள். சரஸ்வதி பூசைக்குப் புருசன் பேசியதுதான் கடைசி. ஐந்து வாரமாக ஒரு தகவலும் இல்லை. ஆள் அனுப்பிய ஏஜென்ட்டின் போன் எடுப்பதில்லை. ஆகஸ்டில் வேறு கப்பலுக்கு மாற்றினார்களாம், அந்தக் கப்பலின் பேர்கூட அவளுக்குத் தெரியவில்லை. கலெக்டருக்கும் தூதரகத்துக்கும் ரூபி டீச்சர்தான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பிள்ளைக்குத் தெரியப்பிடாதுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நீங்களும் தெரிஞ்சாப்புல காட்டிக்கிடாதீங்க செல்வி."

காட்டிக்கொள்ள மாட்டேன் என்றேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

நவம்பர் 6, வியாழன்

மழை. அக்கா எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்றிலிருந்து விடாமல் பெய்கிறது. தாழிகள் காயவில்லை. கார்த்திகை விளக்குகளோடு சேர்த்து இவற்றையும் சூளையில் வைத்துத் தருவதாகச் சுப்பையா வேளார் சொல்லியிருந்தார். ஈரம் போகாமல் சுட்டால் எல்லாம் வெடித்துவிடும், வெயில் வரட்டும் என்கிறார்.

இதற்கிடையில் நாளையும் மறுநாளும் பள்ளியில் கண் மருத்துவ முகாம். எங்கள் அறையைத்தான் கேட்டிருக்கிறார்கள். இருபத்தாறு தாழிகளை எங்கே வைப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிப் பக்கம் காற்றாட வைத்து, திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னேன். அடுப்புச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று நானே என் மூளையை மெச்சிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழையில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கிறார்கள் என எண்ணி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டில். அம்மா சாளை மீன் வாங்கி அவியல் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் துணி மடித்தோம். பீரோவில் அக்கா கோமுவின் அடுக்கை அம்மா மாதம் ஒரு தடவை எடுத்துத் தட்டி, மறுபடி அப்படியே வைப்பாள். இன்று அந்த நாள். நர்ஸ் யூனிபார்ம் சேலைகளுக்கு நடுவில் பூச்சி உருண்டை மாற்றினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம்.

பிரேக் சரிசெய்தாயிற்று. வண்டியைத் துடைத்தேன். முன்பக்கம் ஒட்டியிருக்கும் சிவப்புக் கூட்டல் குறி ஸ்டிக்கர் ஒரு ஓரம் உரிந்து நிற்கிறது. பசை வைத்து ஒட்டினேன்.

நவம்பர் 10, திங்கள்

இதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் நான் வருவதற்குள் ஏழெட்டு அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி வீட்டில் தாழியைக் கோழிக்கூட்டின் மேல் வைத்தார்களாம். ஒருத்தி அதைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, இரண்டு நாள் அந்தப் பக்கமே பார்க்கவில்லையாம். மிக்கேலின் அம்மா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் செய்திருந்ததைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை, அதில் ஊறுகாய் வைத்துக்கொண்டார்கள். கோபம் பாதி, கேலி பாதி. ட்ராயிங் டீச்சர் வீட்டுக்கு வீடு சுடுகாட்டைப் பார்சல் போட்டு அனுப்பிவிட்டாள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். தாழிகளை வாங்கி அறைக்குள் வைத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தபோது சந்தனமாரி வந்தாள்.

காலில் உப்புச் சேறு காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் கூடையில் துண்டு போட்டு மூடி ஏதோ வைத்திருந்தாள். பிரம்மசக்தி அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"டீச்சர், நீங்க படிச்சவிய. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது எதுக்கு உள்ள பானை?"

பழைய காலத்தில் மக்கள் என்று தொடங்கினேன்.

"எதுக்குன்னுதான கேக்கேன்."

இப்போதும் என் வாயில் அது வரவில்லை. ரூபி டீச்சர்தான் சொன்னார், மெதுவாக. "ஆள அடக்கம் பண்ணுதது, சந்தனம்."

அவள் துண்டை எடுத்தாள். தாழிக்குள் நெல் பரப்பியிருந்தது. அதன்மேல், நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டில் சுற்றி, ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் கிடத்தியிருந்தது. தலைமாட்டில் ஒரு உப்புக்கட்டி. பக்கத்தில் ஒரு சீப்பு, கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம், நான்காக மடித்த காகிதம்.

"அவியளுக்கு ஒண்ணும் ஆவல. நல்லா இருக்காவ. இவ அவியள நெல்லு மேல படுக்க வச்சிருக்கா."

அவளுக்குத் தெரியாது, நான்தான் சொல்லவில்லை, தூரமாகப் போகிறவர்களுக்கு என்றுதான் சொன்னேன், பிள்ளைமேல் தப்பில்லை, எல்லாம் என் தப்பு என்று பலமுறை சொன்னேன். சந்தனமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்படித்தான் இருக்கும், பிள்ளைக்கு என்ன தெரியும் என்றாள். அப்படி இருக்க வேண்டும் என்று அவள் விரும்பியது தெரிந்தது. நானும் விரும்பினேன். பிரம்மசக்தி தாழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆனால் தாழியை என்ன செய்வது? வீட்டுக்குள் திரும்ப ஏற்றமாட்டேன் என்றாள் சந்தனமாரி. உடைத்துவிடலாம் என்று நான் வாயெடுத்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். பானை உடைப்பது எப்போது என்று எனக்குத் தெரியாதா? புதைக்கலாம் என்று யாரும் சொல்லவே துணியவில்லை. ஆற்றில் விடலாம் என்றாள் ஒருத்தி. சாம்பலையா கரைக்கப் போறோம் என்று இன்னொருத்தி அவள் கையில் அடித்தாள். உடைத்தாலும் குற்றம், புதைத்தாலும் குற்றம், கரைத்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். ஒரு சாண் களிமண்ணை வைத்துக்கொண்டு பத்துப் பெண்கள் நின்றோம்.

"என் வீட்டுக்கு வேணும்னா கொண்டு போறேன்" என்றார் ரூபி டீச்சர். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது." கூடையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டு, "ஆனா எங்க வீட்டு சாருக்குப் போன மாசம்தான் ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார்.

கடைசியில் அலுவலக வராந்தாவின் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தோம். அது பள்ளிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளே இருந்ததை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. நான் எடுத்தேன். படத்தையும் லுங்கித் துண்டையும் சந்தனமாரி வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் என் மேசை டிராயரில் இருக்கிறது. மடித்த காகிதத்தைப் பிரிக்கவில்லை. அது எனக்கு எழுதியதல்ல.

பிள்ளையை அப்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

எனக்கு வகுப்பு இல்லாத நாள். படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன்.

நவம்பர் 12, புதன்

பிரம்மசக்தி வரவில்லை.

வகுப்புக்குள் போனதும், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தாழி என்பது செத்துப்போனவர்களைப் புதைப்பதற்கு. நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. உங்கள் வீடுகளில் எல்லோரும் பயந்ததற்கு நான்தான் காரணம்.

பிறகு மிக்கேல், என்னைச் சமாதானப்படுத்துகிறவன் போல, "எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றான்.

எப்படி என்றேன்.

"போன வருசம் அங்க டூர் போனோம்லா. எலும்பெல்லாம் கண்ணாடிக்குக் கீழ கெடந்துச்சு. நீங்க அப்பம் இங்க வரல."

"தெரிஞ்சும் ஏன்டா ஊறுகாய் கொண்டுவந்த?"

"நீங்க சொல்ல வேண்டாம்னு இருந்தீய. சரி, பாவம்னு நாங்களும் விட்டுட்டோம்."

பாவம் என்றது என்னை. இருபத்தைந்து பேரும் என்னை ஒருவிதமான கருணையோடு பார்த்தார்கள். போன வாரம் திங்கட்கிழமை முதல் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டது இப்படித்தான் என்று அப்போது விளங்கியது. வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் பை கொடுத்தபோதும்.

டூருக்கு எல்லோரும் போனீர்களா என்று கேட்டேன். எல்லோரும் என்றார்கள். பிரம்மசக்தியுமா என்று பேர் சொல்லிக் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அவளுடைய பெஞ்சில் களிமண் கறை மட்டும் இருந்தது.

நெல் மேல் படுக்க வைத்திருந்தாள். தலைமாட்டில் உப்பு.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய், பேச்சுப்போட்டி, மைக் கோளாறு. பிரம்மசக்தி இன்றும் இல்லை. ரூபி டீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். காய்ச்சல் என்று பதில் வந்தது. தூதரகத்திலிருந்து மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, கப்பலின் பெயர் இல்லாமல் தேட முடியாது என்று. இந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிடுமோ என்று ரூபி டீச்சருக்குப் பயம். எனக்கு வேறு பயம். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதியம் சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. ஸ்டூலை நகர்த்தப் போனேன். தாழியின் வாய் விளிம்பு ஒரு பக்கம் நனைந்து, குழைந்து, கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன். விரலோடு வந்தது.

அது இன்னும் சுடாத மண். சுடும்வரைக்கும் அது தாழி இல்லை. இத்தனை நாள் களிமண் பிசைந்து சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது தோன்றவில்லை. நாங்கள் பத்துப் பேரும் ஒரு பானையை என்ன செய்வது என்று யோசித்தோம். அது இன்னும் பானையே ஆகவில்லை.

நவம்பர் 15, சனி

தாழியைச் சாக்கில் சுற்றி, வண்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போனேன். டிராயரில் இருந்ததையும் எடுத்துக்கொண்டேன். உப்பளத்து வேலை மழையால் நின்றிருந்தது. சந்தனமாரி வீட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று முற்றத்திலேயே நின்று விளக்கினேன். இதை உடைக்க வேண்டாம், புதைக்க வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் வெறும் மண். நீங்கள் சொல்கிற எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அவள் தாழியின் தொங்கிய விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய பேசினை எடுத்துவந்து முற்றத்தில் வைத்தாள்.

மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பிரம்மசக்திக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. முதலில் தண்ணீர் தெளித்தது அவள்தான். தாழி மெல்ல உட்கார்ந்தது. சந்தனமாரி உப்பு வாருகிற கைகளால் அதை அமுக்கிப் பிசைந்தாள். நானும் என் பங்குக்குப் பிசைந்தேன். கார்த்திகை வருது, அகல் விளக்குச் செய்வோம் என்றாள். அவள் குரலில் எவ்வளவோ இளக்கம். பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று மறுபடி என்னிடம் சொன்னாள். ஆமாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"தெரிஞ்சுதாம்மா செஞ்சேன்" என்றாள் பிரம்மசக்தி. கையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

சந்தனமாரியின் கை நின்றது.

"ஒன் போன்ல பாத்தேன். சரஸ்வதி பூசைக்குப் பொறவு அப்பா நம்பரே இல்ல. மத்தியானம் பேசினாவன்னு சொல்லுத. நான் டெய்லி பாத்தேன்." அவள் என்னைப் பார்த்தாள். "யாருமே சொல்ல மாட்டேங்குறீய. அதான் நானே அவியளுக்குச் செஞ்சு வச்சிருவோம்னு."

சந்தனமாரி வாயைத் திறந்தாள். மத்தியானம் என்று வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்பா செத்துட்டாவளாம்மா?"

"தெரியாதுட்டி" என்றாள் சந்தனமாரி. "எனக்கே தெரியாதுட்டி. தெரிஞ்சா ஒங்கிட்ட சொல்ல மாட்டேனா."

அதற்கப்புறம் இருவரும் அழுதார்கள். நான் எழுந்துபோய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சந்தனமாரி கூப்பிட்டாள், மண்ணு காயுது டீச்சர், வாங்க என்று.

நான் கொண்டுவந்த பொட்டலத்தைக் கொடுத்தேன். மடித்த காகிதத்தைப் பிரம்மசக்தியே பிரித்து அம்மாவிடம் காட்டினாள். கடிதம் அல்ல. ஊருக்குப் போகிற பெட்டியின்மேல் எழுதுவது போல அப்பாவின் முழுப்பெயர், ஊர், மாலுமிகளுக்குத் தரும் கப்பல் புத்தகத்தில் அவருடைய எண், ஆகஸ்டில் மாறிய கப்பலின் பெயர், எல்லாம் இருந்தது. போனில் அப்பா அவளுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லி, நோட்டில் எழுத வைத்தாராம். வழியில் யாராவது எடுத்தால் அப்பா யார் என்று தெரிய வேண்டும் என்று உள்ளே வைத்தாளாம்.

நான் அந்தக் காகிதத்தை ஐந்து நாள் டிராயரில் வைத்திருந்தேன்.

சந்தனமாரி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றாள் பிரம்மசக்தி.

விளக்குகளை உருட்டத் தொடங்கினோம். ஆறாவதோ ஏழாவதோ விளக்கில் அவள் என்னிடம் கேட்டாள். "கோமதி நர்ஸம்மாவுக்கு நீங்க என்ன வப்பீய டீச்சர்?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டது முட்டாள்தனம்.

"வண்டிதான் தெரியுமே. எனக்கு அவிய ரெண்டு ஊசி போட்டிருக்காவ. மிக்கேலு ஊசிக்குப் பயந்து அந்த வண்டிக்குப் பின்னாலதான் ஒளிவான். நீங்க அதுல வந்து எறங்கின அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லல, அதான் யாரும் கேக்கல."

ஆறு மாதம். சிவப்புக் கூட்டல் குறி ஒட்டிய வண்டியில் நான் ரகசியமாக வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

வண்டிச் சாவியை வைப்பேன் என்றேன்.

அவள் அதைக் கவனமாக யோசித்தாள். "அப்பம் நீங்க எதுல வருவீய?"

முதலில் சிரித்தது சந்தனமாரிதான். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண். பிறகு நாங்கள் மூவரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். பதினொரு விளக்கு வந்தது.

கோமு இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. டெங்கு. அவள் வேலை பார்த்த ஊர் என்பதால்தான் இந்தப் பள்ளிக்கு மாற்றல் கேட்டேன். இந்த நோட்டில் இதை இன்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

பிரம்மசக்தி வந்தாள். ரூபி டீச்சரின் அறைக்கு நேராகப் போய், புதிய மனுவில் கப்பலின் பெயரைத் தானே சொல்லி எழுத வைத்தாள். ஒரு எழுத்துப் பிசகு கண்டுபிடித்துத் திருத்தவும் செய்தாளாம்.

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டு நாளாக வெயில். நானும் ஒரு தாழி செய்தேன், வீட்டு முற்றத்தில். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. பிறகு உள்ளே போய்க் கோமுவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்தாள்.

"இது இல்லாம அவளுக்கு பஸ் போர்டுகூடத் தெரியாது" என்றாள்.

சூளையில் வெடித்துவிடும், சுட்ட பிறகு வைப்போம் என்றேன். சரி என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோமுவைப் பற்றி மாலை வரை பேசினோம்.

நவம்பர் 28, வெள்ளி

சூளையிலிருந்து வந்தது. தாழிகளில் மூன்று வெடித்துவிட்டன. மிக்கேலுடையது வெடிக்கவில்லை. விளக்கு பதினொன்றும் முழுசு.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. வகுப்பு முடிந்து, பிரம்மசக்தி என்னை விளக்குப் பார்க்க வரச் சொன்னாள். போனேன். பத்து விளக்கு அவர்கள் வாசலில் எரிந்தது. ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். தகவல் எதுவும் இல்லை. சந்தனமாரி இப்போது மத்தியானம் பேசினார் என்று சொல்வதில்லை. இன்றைக்கும் ஒண்ணும் வரல என்று சொல்கிறாள். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை சாப்பிடுகிறாள்.

பிப்ரவரி 11, புதன்

பல வாரமாக இதில் எழுதவில்லை. நடந்தது இது.

டிசம்பர் 18 அன்று மாலுமிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றிலிருந்து ரூபி டீச்சருக்கு போன் வந்தது, மனுவில் இருந்த பெயரை வைத்துக் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. முதலாளி கைவிட்டுப் போன கப்பல், வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தது. ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். பிரம்மசக்தியின் அப்பா அதில் ஒருவர். ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் அவருடைய எண் அக்டோபரிலேயே அணைந்துபோயிருந்தது. எட்டு கிலோ இளைத்திருந்தார். மற்றபடி நன்றாக இருந்தார். பிப்ரவரி 8 அன்று காலை திருச்செந்தூர் ரயிலில் வந்து இறங்கினார்.

நேற்று முன்தினம் பேரீச்சம்பழ டப்பாவோடு பள்ளிக்கு வந்து, தனக்காக மகள் செய்த பானையைப் பார்க்க வேண்டும் என்றார். அதை விளக்காக்கிவிட்டோம் என்றேன். தன் வீட்டு விளக்கை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். கருப்பட்டி மிட்டாயைப் பற்றிக் கேட்டார். மகள் தின்றுவிட்டாள் என்று சொல்ல நேர்ந்தது.

அவருக்குப் புது எண். பிரம்மசக்தி அதை இந்த நோட்டின் பின் அட்டையில் எழுதித் தந்திருக்கிறாள்.

கோமுவின் தாழி, மூக்குக்கண்ணாடியோடு, எங்கள் வீட்டு முற்றத்தில் முருங்கைக்கு அடியில் இருக்கிறது. வண்டிச் சாவி என்னிடம்தான். அவள் எண்ணுக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் ரீசார்ஜ் செய்யவில்லை. இன்று காலை அழைத்துப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.